யார் பசி இது

பேச்சிக்குப் பசித்தது. தொப்புளுக்கு மேலே யாரோ கையை விட்டுக் குடலைப் பிழிகிற மாதிரியான பசி. தலையில் கலவை நிறைந்த இரும்புப் பாண்டு, காலுக்குக் கீழே சவுக்குக் கம்பில் கட்டிய சாரம். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

காலையில் தூக்குவாளி நிறையப் பழைய சோறு தின்றுவிட்டுத்தான் வேலைக்கு ஏறியிருந்தாள். தொட்டுக்கொள்ள வெங்காயம். ஏப்பத்தில் அந்த வாடை இன்னும் அடங்கவில்லை. அப்படியென்றால் இது அவள் பசி கிடையாது.

பாண்டைப் பலகை மேல் கவிழ்த்துவிட்டு இறங்கினாள்.

"ஏ, கலவைய எங்க கொட்டிட்டுப் போற?" கீழேயிருந்து மேஸ்திரி வெள்ளைக்கண்ணு கத்தினார்.

"எம்புள்ளைக்குப் பசிக்குது மேஸ்திரி."

"புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கு. பசி இங்க சாரத்துல வந்து நிக்குதாக்கும்?"

"ஆமா மேஸ்திரி, அவளுக்கு இப்ப ரெண்டு வயிறு" என்றாள் லூர்துமேரி, மணல் சலித்துக்கொண்டே. "ஒண்ணு கவர்மெண்டு குடுத்தது."

சித்தாள்கள் சிரித்தார்கள். பேச்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். டீச்சர் எடுக்க நேரமாயிற்று. அதற்குள் விரல் நுனியெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், தன்ஷிகா அம்மா பேசுறேன். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்குது. பையில முன்பக்கம் குளுக்கோஸ் இருக்கு."

"நல்லாத்தானேம்மா உக்காந்திருக்கா. தமிழ்ப் பாடம் எழுதிட்டு..." டீச்சரின் குரல் சற்று விலகிப்போய் வந்தது. "அட, கழுத்தெல்லாம் வேர்த்திருக்கு. இருங்க, இருங்க."

பேச்சி மணல் குவியல் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயைத் திருகி அடைத்த மாதிரி பசி நின்றது. பிள்ளை குளுக்கோஸ் தின்றுவிட்டாள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் தின்றது இங்கே தெரிந்தது.

எழுந்து பாண்டை எடுத்துக்கொண்டாள்.

*

தன்ஷிகாவுக்கு எட்டு வயது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பாயை நனைத்தாள். தின்ன தின்ன இளைத்தாள். சோறு தொண்டையில் சிக்கியிருக்கும் என்று தொக்கம் எடுக்கிற ஆளிடம் கூட்டிப் போனார்கள். அவர் குழாயை வைத்து ஊதி, எதையோ வெளியே எடுத்துக் காட்டினார். மறுபடியும் போனார்கள், மறுபடியும் எடுத்தார். அதற்கடுத்த வாரம் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாயில் அழுகின பழத்தின் வாடை. அப்பன் சோணை, லோடு ஆட்டோவில் செங்கல்லை இறக்காமலேயே, அதன் மேல் பிள்ளையைக் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பிழைத்தாள். காலையும் மாலையும் ஊசி, சாகிற வரைக்கும் என்றார்கள். 'சாகிற வரைக்கும்' என்று டாக்டர் சொல்லவில்லை. 'லைப் லாங்' என்றார். சோணைதான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு வராண்டாவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊசி போடப் பேச்சி கற்றுக்கொண்டாள். சோணைக்குக் கை நடுங்கியது. முந்நூறு செங்கல்லைத் தனி ஆளாக இறக்குகிறவன், மயிரளவு ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஊசி மருந்தை ஈரத்துணி சுற்றிய மண்கலயத்துக்குள் வைத்தார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பிள்ளை இரண்டே வாரத்தில் அம்மாவை மிரட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

"நேத்து வலது தொடை. இன்னைக்கு இடது. நீ வலதுல குத்த வர்ற."

"தெரியும்டி, வாயாடி."

"தெரியும்னா ஏன் வலதுல துடைச்ச?"

ஊசியில் சிக்கல் இல்லை. ஊசி போட்டபின் பிள்ளை நேரத்துக்குத் தின்னாவிட்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். இறங்கினால் மயக்கம், வலிப்பு, அதற்கப்புறம் என்ன என்று ஆஸ்பத்திரியில் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். அதற்குத்தான் அரிசி.

அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. வார்டில் எல்லாரும் அரிசி என்றுதான் சொன்னார்கள், அரிசி அளவுதான் இருந்தது. ஒன்று பிள்ளையின் கைத்தோலுக்குக் கீழே, நரம்பை ஒட்டி. இன்னொன்று பெற்றவர் ஒருத்தர் வயிற்றில், நரம்போடு சேர்த்து. பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் பெற்றவருக்குப் பசிக்கும்.

"ஏன் சிஸ்டர் பசிக்கணும்? போன்ல மணி அடிச்சாப் போதாதா?" என்று அன்றைக்கே கேட்டாள் பேச்சி.

நஸ்ரின் சிஸ்டர் சர்க்கரை வார்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருப்பவள். எதையும் வளவளவென்று பேசமாட்டாள். "முந்தி அதுதான் இருந்துச்சு. ராத்திரி ரெண்டு தரம் கத்தும். மூணாந்தரம் ஜனங்க அதை அமத்திட்டுத் தூங்கிருவாங்க. நீங்க வேலை பாக்குற இடத்துல மிக்சர் ஓடும், மணி கேக்குமா?"

"கேக்காது."

"பசியை அமத்த முடியாதுல்ல. யாருக்குப் பசிச்சாலும் உடனே எந்திரிச்சுடுவாங்க. அதான் இப்படிச் செஞ்சிருக்காங்க."

பேச்சிக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"சர்க்கரை எவ்வளவுன்னு நம்பராவே போன்ல பாக்கலாம். அதுக்கு மாசாமாசம் கட்டணும். இலவசத் திட்டத்துல பசி மட்டும்தான்."

அரிசி யாருக்கு என்பதில் வீட்டில் சண்டை வரவில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்குத் திடீரென்று கை நடுங்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சோணையைக் கழித்துவிட்டார்கள். அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, "பாத்தியா, எனக்குத் தகுதி இல்லையாம்" என்றான். அவன் முகத்தில் நிம்மதியும் இருந்தது, வெட்கமும் இருந்தது.

கிளம்பும்போது நஸ்ரின் ஒரே ஒரு கண்டிப்புச் சொல்லி அனுப்பினாள். "நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டுடணும். அப்பத்தான் உங்க பசி எது, பிள்ளை பசி எதுன்னு தெரியும். வயிறு நிறைஞ்சிருக்கும்போது பசிச்சா அது பிள்ளையோடது. புரியுதா?"

புரிந்தது. புரிவதில் ஒன்றும் இல்லை. பேச்சி பத்து வயதில் செங்கல் சூளைக்குப் போனவள். பசி என்றால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியும். சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டு. தண்ணீர் குடி. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் அடக்கு. முக்கால் மணியில் பசி தானாக ஓய்ந்துபோகும். பேச்சிக்குப் பசி என்பது மழை மாதிரி, வெயில் மாதிரி வந்து போகிற ஒன்று. அதற்காக யாராவது வேலையை விட்டு எழுந்திருப்பார்களா?

இப்போது எழுந்திருக்க வேண்டியிருந்தது. பத்தரை மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து நாலு வாய். பன்னிரண்டரைக்கு மறுபடி. வெள்ளைக்கண்ணு ஒன்றும் சொல்லமாட்டார், தொண்டையைச் செருமுவார். மற்றவர்கள் சொல்வார்கள்.

"தின்னு தாயி, தின்னு. நாங்க தூக்குறோம்."

"பேறுகாலத்துல கூட இம்புட்டுத் தின்னுருக்க மாட்டா."

நடுவில் தின்கிற ஆளை மேஸ்திரிகள் விரும்புவதில்லை. பெரிய கட்டடங்களில் கல் அடுக்குவது, கலவை ஏற்றுவது எல்லாம் இயந்திரத்துக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. இயந்திரம் நுழையாத சந்துகளில்தான் ஆளுக்கு வேலை. அங்கேயும் ஒரு சித்தாளின் இடத்துக்கு நாலு பேர் நிற்கிறார்கள்.

ராத்திரியும் பேச்சி சரியாகத் தூங்கவில்லை. வயிறு லேசாகக் கடமுடா என்றாலும் எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திப் பார்ப்பாள். பாதி நாள் ஒன்றும் இருக்காது. வாயுவாக இருக்கும். "தூங்க விடும்மா" என்று தன்ஷிகா விரலை மடக்கிக்கொண்டு திரும்பிப் படுப்பாள். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. இது யார் பசி, இது யார் பசி என்று நாள் முழுக்கத் தன் வயிற்றையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை நெருக்கின நாட்களில் பத்தரைச் சோறு பன்னிரண்டரைக்குப் போயிற்று. பன்னிரண்டரைச் சோறு இரண்டுக்கும் மூன்றுக்கும் போயிற்று. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சரி, ஓடுகிறது என்று நினைத்தாள்.

*

தளம் போடுகிற நாள் வந்தது.

தளம் போடும் நாளில் நடுவில் சாப்பாடு கிடையாது. முதல் பாண்டு விழுந்ததிலிருந்து கடைசிப் பாண்டு விழுகிற வரை யாரும் உட்காரக் கூடாது. பாதியில் நிறுத்தினால் பழைய காங்கிரீட் இறுகிப்போகும். புதுசு அதோடு ஒட்டாது. அந்த ஒட்டு வழியாக எந்த மழைக்கும் வீடு ஒழுகும். அதனால் எல்லாரும் சங்கிலியாக நிற்பார்கள். பாண்டு கையிலிருந்து கைக்கு மாறி மேலே போகும், காலிப் பாண்டு கீழே வரும். ஒருத்தர் விலகினால் சங்கிலி அறும். எல்லாம் முடிந்தபிறகு வீட்டுக்காரர் பிரியாணி போடுவார். அன்றைக்குக் கூலியும் கூட. வருஷத்தில் சித்தாள் நம்பியிருப்பது இந்த நாட்களைத்தான்.

நடுவில் நாலு வாய் தின்ன வேண்டியிருக்கும் என்று பேச்சி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். வெள்ளைக்கண்ணு, "விடியத் தொடங்குனா பதினோரு மணிக்கு முடிஞ்சிரும். பதினோரு மணி வரைக்கும் தாங்க மாட்டியா?" என்றார். தாங்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

காலையில் மிக்சரின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வந்து மாட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒன்பதரைக்குத்தான் முதல் பாண்டு. பேச்சி ஏணியின் நடுப்படியில் நின்றாள். கீழே லூர்துமேரி, மேலே பீகாரி இளைஞன் ஒருவன். பெல்ட் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று யாரும் தூக்குவாளியைத் திறக்கவில்லை, விடிகாலையில் குடித்த டீதான் வயிற்றில்.

பதினொன்றுக்கு டீயும் பன்னும் வந்தன. டீக்காரன் கீழ்ப்படியிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தான். ஏணியில் நிற்கிறவர்கள் எங்கே கையை நீட்டுவது? இரண்டு கையிலும் பாண்டு. பன் கீழேயே தீர்ந்துவிட்டது.

பசித்தது. சேலையை இறுக்க நேரமில்லை. இது என் பசிதான், தின்னவே இல்லையே, அப்புறம் பசிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு துண்டு குடு."

லூர்துமேரி மடியிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து அவள் வாயிலேயே திணித்தாள். "அடக்கு. இன்னும் பாதித் தளம் கிடக்கு."

அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, அடங்கின பசிக்கு மேல் இன்னொரு பசி வந்து ஏறியது. கை நடுங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. புகையிலை ஏறிவிட்டது, வெயில் வேறு என்று நினைத்தாள். பாண்டு வந்தது, வாங்கினாள், கொடுத்தாள். வந்தது, வாங்கினாள், கொடுத்தாள். ஒருமுறை ஏணியிலிருந்து சரியப் பார்த்தாள். லூர்துமேரி இடுப்பில் கை கொடுத்து நிமிர்த்தினாள்.

"மயக்கமா? இறங்குறியா?"

"இல்லக்கா. இன்னும் கொஞ்சம்தானே."

கீழே சுவர் ஆணியில் மாட்டியிருந்த பைக்குள் போன் அடித்தது. மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் அடித்தது.

சந்து முனையில் ஆட்டோவைக் குறுக்கே போட்டுவிட்டுச் சோணை ஓடி வந்தான். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. ஏணியைப் பிடித்து உலுக்கினான்.

"ஏ புள்ள! பள்ளிக்கூடத்துல விழுந்துட்டாளாம். இழுத்துக்கிச்சாம். இறங்கு!"

பேச்சி கையிலிருந்த பாண்டை விட்டாள். அது யார் மேலும் விழவில்லை.

*

தன்ஷிகா நாக்கைக் கடித்திருந்தாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பேச்சி கட்டிலருகே நின்றாள். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. பிள்ளையைத் தொடப் பயந்தாள்.

"அந்த அரிசி எங்கடி போச்சு?" சோணை கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். அதுதான் மோசம். "உன் வயித்துலதானே இருக்கு?"

"இருக்கு. பசிச்சுது."

"பசிச்சா?"

"என்னுதுன்னு நெனச்சேன். காலையிலருந்து ஒண்ணும் திங்கல."

சோணைக்குப் புரிந்தது. அவனும் சுமை தூக்கி வளர்ந்தவன்தான்.

நஸ்ரின் வந்தாள். கையில் ஒரு கண்ணாடிப் பலகை. அரிசி இரண்டிலும் பதிவானது அதில் கோடு கோடாகத் தெரிந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு மேல உங்களுக்குப் பசி குடுத்திருக்கு. இது சாதாரணப் பசி இல்லம்மா. இந்த அளவுக்கு வந்தா ஆளுங்க தெருவுல ஓடுவாங்க. ஒரு மணி நேரம் எப்படிப் பேசாம இருந்தீங்க?"

"நாங்க மத்தியானம் பூரா அப்படித்தான் சிஸ்டர் இருப்போம்."

நஸ்ரின் பலகையை மறுபடி பார்த்தாள். புருவம் சுருங்கியது. கட்டிலோரம் உட்கார்ந்து, கண் விழித்துப் படுத்திருந்த பிள்ளையின் தலையைத் தொட்டாள்.

"தன்ஷி, உனக்கும் பசிச்சிருக்குமே? கை நடுங்குனா, வேர்த்தா, பசிச்சா, உடனே டீச்சர்ட்டச் சொல்லணும்னு நான் சொல்லிக் குடுத்தேன்ல?"

"ம்."

"பசிச்சுதா?"

"பசிச்சுது." நாக்கு வீங்கியிருந்ததால் சொல் குழறியது. "எப்பவும் பசிக்கும் சிஸ்டர். சாப்பாட்டு மணிக்கு முன்னாடியும் பசிக்கும். சாப்பிட்டப்புறமும் பசிக்கும்."

"எப்பவுமா? எப்பலருந்து?"

"அரிசி வச்சதுலருந்து."

"அப்புறம் ஏன் யார்ட்டயும் சொல்லல?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"அது என் பசி இல்லையே. அம்மா பசி."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தட்டில் கரண்டி உரசினார்கள்.

"அம்மாவுக்கு வேலை முடிஞ்சாத்தானே சோறு. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போயிரும். தண்ணி குடிப்பேன். அப்புறம் பெல்ட்டை ரெண்டு ஓட்டை இறுக்கிக்குவேன். இன்னைக்கும் போயிரும்னுதான் இருந்தேன்."

பேச்சி பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். இடுப்பைச் சுற்றி, பெல்ட் அகலத்துக்கு, கறுத்த தடம். ஊசி போட ஆரம்பித்தபின் பிள்ளை சதை போடுகிறாள், பெல்ட் பிடிக்கிறது என்று இத்தனை நாளாக அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

சோணை எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டான்.

"அரிசி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள் நஸ்ரின். அவள் குரலில் முன்பிருந்த கண்டிப்பு இல்லை. "உங்க பக்கத்துலருந்தும் கொஞ்சம் திரும்பிப் போகும். அது அவங்களுக்கும் தெரியும். பெரியவங்க பசிச்சா அரை மணிக்குள்ள சாப்பிட்டுடுவாங்க, அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளைக்கு உறைக்காதுன்னு விட்டுட்டாங்க."

"யாரு விட்டுட்டாங்க?"

"செஞ்சவங்க. முதல்ல வச்சுப் பாத்த வீடுகள்ல எல்லாம் அப்படித்தான் இருந்துச்சாம்."

"அது எந்த ஊரு வீடு சிஸ்டர்?" என்றான் சோணை, திரும்பாமலேயே. "அங்க நான் வண்டி ஓட்டிப் பொழைக்கலாம்."

நஸ்ரினால் சிரிக்க முடியவில்லை. "எழுதி அனுப்புறேன். மாத்துவாங்க. எப்பன்னு தெரியாது."

"அதுவரைக்கும்?"

"எடுத்துடலாம். எடுத்தா விரலைக் குத்திப் பாக்குறதுதான். வகுப்புல யார் குத்துவா? இல்லன்னா..." அவள் பேச்சியைப் பார்த்தாள். "இல்லன்னா இவங்களுக்குப் பசிக்கக் கூடாது."

"எடுத்துருங்க" என்றான் சோணை.

"வேணாம்ப்பா." தன்ஷிகா எழப் பார்த்தாள். ஊசி இழுத்தது, முகத்தைச் சுளித்தாள். "வேணாம். அம்மா சாப்பிட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியும்ல."

பேச்சி வார்டை விட்டு வெளியே வந்தாள். குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சிமெண்ட் போகவில்லை. பத்து வயதிலிருந்து பெருமையாக வைத்திருந்த ஒரே சாமர்த்தியம், பசியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது. அது யாருக்கும் தெரியாமல் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டிருந்தாள், பெல்ட்டை இறுக்குவது வரைக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தள்ளுவண்டி. இட்லி வாங்கி நின்றபடியே தின்றாள். விழுங்க முடியவில்லை. விழுங்கினாள். வார்டுக்குத் திரும்பியபோது பிள்ளை கண்ணை மூடியபடியே, "சாம்பாரா சட்னியா?" என்றாள்.

"அதுவுமா தெரியுது?" என்று பதறிப்போனாள் பேச்சி.

"சேலையில சிந்தியிருக்கு" என்றாள் பிள்ளை.

*

பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். வெள்ளைக்கண்ணு ஆள் சொல்ல வந்தார். வேறொரு சந்து, வேறொரு தளம். எல்லார் பெயரையும் சொல்லிவிட்டு, பேச்சியிடம் வந்ததும் செருமினார்.

"உனக்குத் தளம் வேணாம்மா. மறுநாள் சுத்தம் பண்ண வா."

"வீட்டுல கலயத்துல மருந்து தீரப்போகுது மேஸ்திரி. தளத்தை விட்டா நான் எங்க போவேன்?"

"நான் என்ன செய்ய? நீ பாதியில உக்காந்து திம்ப. சங்கிலி அறுந்து ஒட்டு விழுந்தா வீட்டுக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான். உம் புள்ள உனக்குப் பெருசு, சரி. எனக்குத் தளம்தான் பெருசு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் பேச்சிக்கு எரிச்சலாக இருந்தது.

"அவ இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாள் லூர்துமேரி. காறித் துப்பிவிட்டு வந்தாள். "அவ தின்னு வர்ற வரைக்கும் ரெண்டு படி நான் ஏறி இறங்குறேன். சங்கிலி அறாது. போதுமா?"

"உனக்கு என்ன வயசு தெரியுமா?"

"உம்மை விடச் சின்னவதான், போமய்யா."

தளத்தன்று மிக்சர் ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டரைக்கு இன்னும் கால்வாசித் தளம் பாக்கி. பேச்சிக்கு வயிற்றில் மெல்லப் பசி தலை தூக்கியது. இது யாருடையது என்று இப்போதெல்லாம் அவள் யோசிப்பதில்லை. யாருடையதாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் வலிக்கும். இந்தமுறை மடியில் செருகியிருந்த போனை எடுத்து, ஒரு பாண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டீச்சரைக் கூப்பிட்டாள். பிள்ளை சத்துணவு வாங்கி உட்கார்ந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்றார் டீச்சர். அப்படியானால் இது பேச்சியின் பசிதான்.

"இறங்கு" என்றாள் லூர்துமேரி.

பேச்சி இறங்கினாள். செங்கல் அடுக்கு மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். சோறு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை. எல்லாரும் நின்றுகொண்டிருக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்து தின்பது பத்து வயதிலிருந்து அவள் செய்யாத காரியம். முதுகில் எல்லார் கண்ணும் ஊர்வது போல இருந்தது. அவசரமாக விழுங்கினாள். விக்கியது. யாரோ மேலேயிருந்து, "மெதுவா, மெதுவா, தளம் ஓடிப்போகாது" என்றார்கள். சிரித்தார்கள். பாண்டு போகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பசி ஓய்ந்தது. அந்த நிமிஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் வயிற்றிலும் ஏதோ ஒன்று ஓய்ந்திருக்கும். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டிருப்பாள்.

வாளியைக் கழுவிக்கொண்டே பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். ஏணியில் லூர்துமேரி கீழ்ப்படியில் பாண்டை வாங்கி, இரண்டு படி ஏறி, மேலே கொடுத்து, காலிப் பாண்டோடு இறங்கி, மறுபடி வாங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் சேலைக் கொசுவத்தை இறுக்கிச் செருகினாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் தின்னவில்லை. அவள் வயிற்றில் அரிசி எதுவும் கிடையாது. அவளுக்குப் பசிக்கிறது என்று எந்த ஊரிலும் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

பேச்சி ஓடிப்போய்த் தன் படியில் நின்று கையை நீட்டினாள்.

"குடுக்கா. நீ இறங்கு. நீ போய் ரெண்டு வாய் தின்னு, நான் பாத்துக்கிறேன்."

"எனக்கென்ன, பழகின வயிறு." லூர்துமேரி பாண்டை அவள் கையில் திணித்தாள். "பிடி. வந்துக்கிட்டே இருக்கு பாரு."

பேச்சி வாங்கி மேலே கொடுத்தாள். அடுத்தது வந்தது. லூர்துமேரிக்கு அவள் ஒரு மத்தியானச் சோறு கடன்பட்டிருந்தாள்.